பஞ்சைத் தொடும் உறுப்பும் தொடாத உறுப்பும்: நூற்பாலையின் முன்தடுப்புப் பராமரிப்பு குறித்து ஓர் ஆய்வு

1. எல்லையும் சொற்களும்

கோயம்புத்தூர் வட்டாரத்து நூற்பாலை எதிலும் பராமரிப்புத் துறையின் அறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சுவரில் தொங்கும் அட்டவணை. இடப்பக்கம் இயந்திர எண்கள், மேல்வரியில் தேதிகள், கட்டங்களுக்குள் பச்சை மையில் டிக் குறிகள். ட்ராவலர் மாற்றம், காட்ஸ் பஃபிங், ஸ்பிண்டில் ஆயில், ஃபுல் செட்டிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடைவெளி அதில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒரு விடை கிடைக்கும். இயந்திரம் விற்றவரின் கையேட்டில் அப்படி இருக்கிறது. எங்களுக்கு முன்பிருந்த மேனேஜர் வைத்துவிட்டுப் போனது. பக்கத்து மில்லிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இம்மூன்றும் இடைவெளியின் வரலாற்றைச் சொல்கின்றனவே தவிர அதன் காரணத்தைச் சொல்வதில்லை. ஓர் உறுப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை கவனிக்க வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. அது எவ்வாறு பழுதாகிறது என்பதே முதற்கேள்வி. முதற்கேள்விக்கு விடை காணாமல் இரண்டாவதைத் தீர்க்க இயலாது என்பதை ரிங் ஃப்ரேம் என்னும் நூற்பு இயந்திரத்தைக் கொண்டு நிறுவ முயல்கிறோம். பிற இயந்திரங்களைத் தேவைப்படும் இடங்களில் மட்டும் தொட்டுச் செல்வோம்.

சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வோம். ஓர் உறுப்பு தன்னிடம் எதிர்பார்க்கப்படும் பணியை, எதிர்பார்க்கப்படும் அளவில் செய்ய இயலாத நிலையைப் பழுது என்கிறோம். அப்பழுதினால் இயந்திரம் நின்றுபோவது முறிவு. ஒரு பழுது நேரக்கூடிய விதம் பழுதுவழி. ஒரே உறுப்புக்குப் பல பழுதுவழிகள் இருக்கலாம். பழுது நேருமுன்போ, நேர்ந்த பழுது முறிவாக முதிருமுன்போ திட்டமிட்டுச் செய்யும் பணி முன்தடுப்புப் பராமரிப்பு.

பழுதையும் முறிவையும் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரிங் ஃப்ரேமில் பொதுவாக நான்கு கதிர்களை (ஸ்பிண்டில்) ஒரு டேப் சுழற்றுகிறது. டேப் அறுந்தால் நான்கு கதிர்களும் நின்றுவிடும். இயந்திரத்தைக் கவனிக்கும் சைடர் உடனே பார்த்துவிடுவார். டேப் தளர்ந்தால் கதிர் நிற்பதில்லை, சற்றே மெதுவாகச் சுற்றும். நூலின் முறுக்கு என்பது கதிரின் சுற்றை, வெளிவரும் நூலின் நீளத்தால் வகுத்த ஈவு. கதிர் 5 விழுக்காடு பின்தங்கினால் முறுக்கும் 5 விழுக்காடு குறையும். அந்த பாபின் நல்ல பாபின்களோடு கலந்து கோன் ஆகி, பின்னலாடைக்காரர் கைக்குப் போய், துணியில் கோடாக விழுந்த பிறகுதான் குற்றம் தெரியும். இங்கே முறிவு இல்லை, பழுது இருக்கிறது. முறிவுகளை மட்டும் எண்ணும் ஆலை இதை எண்ணாது.

2. பழுதின் பருவங்கள்

பழுதுகளை அவை தோன்றும் காலத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிப்பது வழக்கம். பொருத்திய சில நாட்களிலேயே வெளிப்படுவது இளமைப் பழுது. மூலப்பொருளின் குறை, பொருத்தியவரின் பிழை, புதிய பரப்பின் சொரசொரப்பு முதலியன அதன் காரணங்கள். உறுப்பின் வயதோடு தொடர்பில்லாமல் எந்நாளும் ஒரே வாய்ப்போடு நேர்வது தற்செயல் பழுது. தேய்மானம், அரிப்பு, களைப்பு ஆகியவற்றால் குறிப்பிட்ட வயதுக்குப் பின் விரைந்து பெருகுவது மூப்புப் பழுது. இம்மூன்றையும் ஒரே கோட்டில் வரைந்தால் தொடக்கத்தில் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, முடிவில் மீண்டும் உயரும் குளியல் தொட்டி வடிவம் கிடைக்கும். சுவீடன் நாட்டு வெய்புல் 1951இல் வெளியிட்ட பரவல் இம்மூன்றையும் ஒரே சூத்திரத்தில் அடக்குகிறது. அதன் வடிவ எண் 1க்குக் கீழிருந்தால் இளமைப் பழுது, 1 எனில் தற்செயல், 1க்கு மேலெனில் மூப்பு.

இத்தொட்டியை ஒவ்வோர் உறுப்புக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொண்டதில்தான் தவறு தொடங்கிற்று. எல்லாமே மூத்துத் தளரும் என்றால், மூப்பு தொடங்குமுன் மாற்றிவிடுவதே அறிவு, அட்டவணையே போதும். யுனைட்டெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் நோலன், ஹீப் ஆகிய இருவரும் 1978இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த அறிக்கை இந்த நம்பிக்கையை அசைத்தது. விமான உறுப்புகளின் பழுதுப் பதிவுகளை அவர்கள் ஆறு வடிவங்களாகப் பிரித்தார்கள். முழுத் தொட்டி வடிவில் அமைந்தவை 4 விழுக்காடு மட்டுமே. ஏதேனும் ஒரு வகையில் வயதோடு தொடர்புடையவை எல்லாம் சேர்ந்து 11 விழுக்காடு. எஞ்சிய 89 விழுக்காட்டில் வயது பார்த்து மாற்றுவதால் பயனில்லை. அந்த 89இல் 68, இளமையில் பழுது மிகுந்து பின் சமநிலை அடையும் வடிவைச் சேர்ந்தவை. அவற்றைப் புதிதாக மாற்றுவது, ஆபத்தான பருவத்தை மறுபடி தொடங்கிவைப்பதாகும். டிசி-8 விமானத்தின் முதல் பராமரிப்புத் திட்டத்தில் 339 உறுப்புகளுக்குக் காலமுறை ஓவர்ஹால் விதிக்கப்பட்டிருந்தது. புதிய முறையில் திட்டமிட்ட டிசி-10க்கு அந்த எண்ணிக்கை 7.

இந்த எண்களை அப்படியே நூற்பாலைக்குத் தூக்கிவருவது கூடாது. நம் பொறியியல் கருத்தரங்குகளில் 11, 89 என்னும் எண்களைத் திரையில் காட்டிவிட்டு, ஆகவே அட்டவணைப் பராமரிப்பு பழங்கதை என்று முடிப்பவர்களைக் காண்கிறோம். விமானத்தின் உறுப்புகளில் மிகப்பல எந்தப் பொருளையும் உராய்ந்துகொண்டு வேலை செய்பவை அல்ல. நூற்பாலையில் நாள் முழுதும் பஞ்சை உரசுவதே பல உறுப்புகளின் தொழில். பொருளோடு உரசும் உறுப்பு தேயும். தேய்வது ஏறக்குறைய ஒரே சீராகத் தேயும். ஆகவே அதற்கு வயது உண்டு. எனவே நூற்பாலை உறுப்புகளைப் பஞ்சைத் தொடுவன, தொடாதன என்று இருபாற்படுத்துகிறோம். ரிங், ட்ராவலர், டாப் ரோலரின் ரப்பர் உறையான காட்ஸ், ஏப்ரன், கார்டிங் இயந்திரத்தின் கம்பிப்பல் ஆகியவை முதல் வகை. பேரிங், மோட்டார், மின்னணுப் பலகை, உணரி முதலியவை இரண்டாம் வகை. முதல் வகைக்கு நாட்கணக்கு பெரும்பாலும் பொருந்தும். இரண்டாம் வகைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. விலக்குகள் உண்டு. பஞ்சைத் தொடாத டேப்பும் தேய்கிறது. பறக்கும் பஞ்சுத்தூசியோ தொடக்கூடாத எல்லாவற்றையும் தொட்டுவிடுகிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

3. காலம் பார்த்துச் செய்யும் பராமரிப்பு

ட்ராவலர் என்பது விரல்நகத்தைவிடச் சிறிய, சி எழுத்து வடிவிலான எஃகு வளையத்துண்டு. நாற்பதாம் நம்பர் பருத்தி நூலுக்கு அதன் எடை 30 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். ரிங் எனும் வட்டத் தண்டவாளத்தின் விளிம்பில் அதை மாட்டிவிட்டால், கதிர் சுற்றச் சுற்ற நூல் அதை இழுத்துக்கொண்டு ஓடும். கதிரைவிட அது சற்றே பின்தங்குவதால்தான் நூல் பாபினில் சுற்றிக்கொள்கிறது.

இந்தத் துண்டு படும் பாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ரிங்கின் விட்டம் 36 மில்லிமீட்டர், கதிரின் வேகம் நிமிடத்துக்கு 20,000 சுற்று என்று கொண்டால், ட்ராவலர் நொடிக்கு ஏறக்குறைய 37.7 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 135 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் நிற்காமல் ஓடினால் 3,200 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பயணம் முடிய இன்னும் 500 கிலோமீட்டர்தான் மிச்சம். நூலின் இழுவிசையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், வெளிநோக்கி அது ரிங்கை அழுத்தும் விசை சுமார் 250 கிராம் எடைக்குச் சமம். தன் எடையைப்போல் 8,000 மடங்கு.

இவ்வளவுக்கும் அங்கே எண்ணெய் விடுவதில்லை. விட்டால் நூல் கறைபடும். ட்ராவலருக்கு மசகாக இருப்பது பஞ்சே. நூலிலிருந்து பிதுங்கி நிற்கும் நுண்ணிழைகள் ட்ராவலரின் அடியில் நசுங்கி, ரிங்கின் மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. பஞ்சின் வகை மாறினால் மசகு மாறும், மசகு மாறினால் ட்ராவலரின் ஆயுளும் மாறும். ஒரே இயந்திரத்தில் வேறு கலவை ஓடத் தொடங்கியதும் பழைய இடைவெளி பொய்த்துப்போவதன் காரணம் இதுவே.

தேய்ந்த ட்ராவலரைக் கையில் எடுத்துப் பார்த்தால், உரசிய இடத்தில் பள்ளமும் அதைச் சுற்றி நீலம் பாரித்த நிறமும் தெரியும். அது வெப்பம் ஏறிய அடையாளம். இன்னும் ஓடினால் மெலிந்த இடத்தில் விரிந்து பறந்துவிடும், நூல் அறும். பறப்பதற்கு முன்பே நூலில் மயிர் கூடியிருக்கும்.

காலம் பார்த்து மாற்றுதல் தகுமா என்று முடிவு செய்ய நான்கு நிபந்தனைகளை வைக்கிறோம். பழுதின் வாய்ப்பு வயதோடு ஏற வேண்டும். அந்த வயது உறுப்புக்கு உறுப்பு அதிகம் சிதறாமல் இருக்க வேண்டும். மாற்றும் செலவு, பழுதால் வரும் இழப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மாற்றும் செயல் புதிய பழுதைப் பெரிதாகப் பிறப்பிக்கக் கூடாது. ட்ராவலர் நான்கையும் நிறைவு செய்கிறது. ஆகவே 1,200 கதிர் கொண்ட இயந்திரத்தில் ஒவ்வொன்றாகப் பறக்கக் காத்திராமல் 1,200ஐயும் ஒருசேர மாற்றுவதே முறை. எந்த நாளில் என்பதை அந்த இயந்திரமே சொல்லும். மாற்றிய நாள் தொட்டு, நாளொன்றுக்கு எத்தனை ட்ராவலர் பறந்தது என்று எண்ணி எழுதினால் சில நாட்கள் எண்ணிக்கை தாழ்வாகச் செல்லும். பிறகு ஒரு நாளில் ஏறத் தொடங்கும். ஏறத் தொடங்கும் நாளுக்குச் சற்று முன்பே அந்த இயந்திரத்தின் இடைவெளி. கையேட்டு எண்ணைத் தொடக்கமாக மட்டுமே கொள்ள வேண்டும்.

ட்ராவலரின் கூட்டாளியான ரிங்குக்கோ இளமைப் பருவமே ஆபத்தானது. புது ரிங் போட்டவுடன் முழு வேகத்தில் ஓட்டக் கூடாது. வேகத்தைக் குறைத்து, ட்ராவலர்களை வழக்கத்தைவிட விரைவாக மாற்றி மாற்றி, ரிங்கின் பரப்பு பழகும்வரை நடத்த வேண்டும். உற்பத்தி நெருக்கடியில் இந்தப் பழக்குக்காலத்தைச் சுருக்கும் ஆலை, பல ஆண்டு உழைக்க வேண்டிய ரிங்கை முதல் வாரத்திலேயே கெடுத்துக்கொள்கிறது.

4. நிலை பார்த்துச் செய்யும் பராமரிப்பு

இரண்டாம் வகைக்கு வருவோம். பேரிங்கின் கணக்கிட்ட ஆயுள் 20,000 மணி என்று எழுதியிருந்தால் அதன் பொருள் என்ன? லுண்ட்பெர்கும் பாம்கிரேனும் 1947இல் வகுத்த முறைப்படி, ஒரே சூழலில் ஓடும் 100 பேரிங்குகளில் 90 அந்த வயதைத் தாண்டும் என்பதே பொருள். அவற்றில் சரிபாதி, அதைப்போல் 4, 5 மடங்கு காலமும் ஓடக்கூடியவை. அப்படியெனில் 20,000 மணியில் எல்லா பேரிங்கையும் கழற்றி எறியும் ஆலை, 10 கெட்ட பேரிங்குகளைத் தடுக்கத் தவறியதோடு, 90 நல்ல பேரிங்குகளைக் குப்பையில் போடுகிறது. மேலும் இக்கணக்கில் சுமை இருமடங்கானால் பால் பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். பெல்ட்டை ஒரு சுற்று கூடுதலாக முறுக்கிவிட்ட ஃபிட்டரின் கை, நாட்காட்டியைவிட வலிமையானது.

ஆயுள் இப்படிச் சிதறும்போது வயதைக் கேட்பதை விட்டு நிலையைக் கேட்க வேண்டும். பழுது தொடங்கியதற்கான குறி முதன்முதல் புலப்படும் கணத்துக்கும், முறிவு நேரும் கணத்துக்கும் இடைப்பட்ட காலத்தை முன்குறி இடைவெளி என்கிறோம். நிலைகாணும் சோதனை இந்த இடைவெளிக்குள் ஒருமுறையேனும் விழ வேண்டும். பாதி இடைவெளிக்கு ஒருமுறை செய்வது பாதுகாப்பான வழக்கம். சோதனையின் இடைவெளி உறுப்பின் ஆயுளைப் பொறுத்ததன்று. பல ஆண்டு ஓடக்கூடிய பேரிங்கின் முன்குறி இடைவெளி இரண்டே மாதமெனில், மாதம் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

கெட்டுவரும் பேரிங் ஒன்று தன் குறிகளை ஒரு வரிசையில் வெளியிடுகிறது. முதலில் காதுக்கெட்டாத மீயொலி, அடுத்து கருவிக்குப் புலப்படும் அதிர்வு, அதன்பின் காதில் விழும் இரைச்சல், அதன்பின் கைக்குத் தெரியும் சூடு, கடைசியில் புகை. நெடுங்காலம் வழக்கிலிருந்த பன்னாட்டுத் தரநிலை 10816, 15 முதல் 75 கிலோவாட் வரையிலான இயந்திரங்களுக்கு அதிர்வின் வேகம் நொடிக்கு 1.12 மில்லிமீட்டர் வரை நன்று என்றும், 2.8 வரை தகும் என்றும், 7.1ஐத் தாண்டினால் ஆபத்து என்றும் வகுத்தது. தனி எண்ணைவிட அதன் போக்கே முக்கியம் என்பது நம் கருத்து. மூன்று மாதமாக 2.5இல் நிற்கும் மோட்டாரைவிட, 0.8இலிருந்து 1.6க்கு ஏறிய மோட்டாரே நம் கவனத்துக்கு உரியது.

அனுபவமுள்ள ஃபிட்டர் கருவி இல்லாமலும் கேட்பார். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் வீட்டின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதின் முன்னெலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். நல்ல பேரிங் ஒரே சீராக முனகும். கிரீஸ் வற்றியது சீறும். பள்ளம் விழுந்தது இடைவிட்டுத் தட்டும். இது மூடநம்பிக்கை அன்று, நேர்மையான நிலைச்சோதனையே. அதன் குறை, வரிசையின் மூன்றாம் படியில்தான் அது விழித்துக்கொள்கிறது என்பது. எஞ்சியிருக்கும் காலம் அப்போது சிறிது.

நூற்பாலைக்கு மட்டுமே வாய்த்த ஒரு நிலைகாட்டி உண்டு. அது நூலே. தரக்கட்டுப்பாட்டு அறையின் சமச்சீர்மைச் சோதனைக் கருவி, நூலின் பருமன் எந்தெந்த நீளத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்பதை ஸ்பெக்ட்ரோகிராமாக வரைந்து தருகிறது. குறிப்பிட்ட ஒரு நீளத்தில் புகைபோக்கி போலக் குத்தென்று ஒரு கோடு எழுந்தால், சுற்றும் ஏதோ ஓர் உறுப்பில் கோட்டம் இருக்கிறது என்று பொருள். எந்த உறுப்பு என்பதை அளவே சொல்லிவிடும். முன்வரிசை பாட்டம் ரோலரின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதன் சுற்றளவு 8.5 சென்டிமீட்டர். கோடு 8.5இல் எழுந்தால் குற்றவாளி முன் ரோலர். பின் ரோலரும் அதே விட்டமுள்ளது, மொத்த இழுப்பு 30 மடங்கு என்றால், அதன் கோட்டம் 2.54 மீட்டருக்கு ஒருமுறை நூலில் தெரியும். இயந்திரத்தை நிறுத்தாமல், ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் செய்யும் நோயறிதல் இது.

ஆயினும் பல ஆலைகளில் இந்தத் தாள் தரக்கட்டுப்பாட்டுக் கோப்பிலேயே தூங்குகிறது. தர அறைக்கும் பராமரிப்பு அறைக்கும் நடுவே இருபது அடி நடை; அந்த இருபது அடியை யார் நடப்பது என்பதில் வழக்கு. சோதனைக்கு வருவதும் ஆயிரக்கணக்கான கதிர்களில் ஒரு சில பாபின்களே. பல கதிர்களைப் பாதிக்கும் பாட்டம் ரோலரின் கோட்டம் அகப்பட்டுவிடும். இரண்டு கதிர்களை மட்டும் பாதிக்கும் டாப் ரோலரின் கோட்டம் எளிதில் நழுவிவிடும். ஆதலால் டாப் ரோலர் காட்ஸுக்கு பஃபிங் அட்டவணையையும், பாட்டம் ரோலருக்கு ஸ்பெக்ட்ரோகிராமையும் நம்புவது தகும்.

இனி, முன்பு ஒத்திவைத்த பஞ்சுத்தூசி. மோட்டாரின் காற்றுமூடியிலும் குளிர்விக்கும் இதழ்களிலும் அது கம்பளிபோல் படிந்தால் உள்வெப்பம் ஏறும். மின்காப்பின் வெப்பம் தன் அளவுக்கு மேல் 10 டிகிரி ஏறும்போதெல்லாம் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்பொறியாளர் கைக்கொள்ளும் விதி. காப்பு எஃப் வகுப்பாயின் எல்லை 155 டிகிரி. ஒரு ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை துடைப்பவர் மோட்டாருக்குச் செய்யும் நன்மையை எந்த ஓவர்ஹாலும் செய்வதில்லை. துடைக்கும்போதே சூட்டையும் சத்தத்தையும் அவர் கவனித்துவிடுகிறார். ஜப்பானில் நிப்பான்டென்சோ ஆலையின் அனுபவத்தோடு 1971 அளவில் உருப்பெற்று, நகஜிமா பரப்பிய முழுமைப் பராமரிப்பு முறையில், துடைத்தலை இயந்திரம் ஓட்டுபவரின் கையிலேயே கொடுத்தது இந்தக் காரணம் பற்றியே.

5. மறைபழுது தேடல்

சில உறுப்புகள் கெட்டாலும் எந்தக் குறியும் தருவதில்லை, ஏனெனில் அவற்றின் வேலை காத்திருப்பது. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமில் பஞ்சோடு வரும் இரும்பைக் கண்டு விலக்கும் கருவி, தீப்பொறி உணரி, மோட்டாரின் ஓவர்லோடு ரிலே, அவசர நிறுத்தப் பொத்தான் ஆகியவை இவ்வகை. இவற்றின் பழுதை மறைபழுது என்கிறோம். தேவைப்படும் நொடி வரும்வரை அது தெரியாது.

இங்கே இடைவெளியைக் கணக்கால் பெறலாம். ஓர் உணரி சராசரியாக 10 ஆண்டுக்கு ஒருமுறை கெடுகிறது, ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கிறோம் என்றால், கெட்ட உணரி கண்டுபிடிக்கப்படாமல் சராசரியாக அரை ஆண்டு இருக்கும். அரை ஆண்டைப் பத்தால் வகுத்தால் 5 விழுக்காடு. அதாவது தீப்பொறி விழும் நாளில் அந்த உணரி செத்துக்கிடக்க இருபதில் ஒரு வாய்ப்பு. மாதம் ஒருமுறை சோதித்தால் அது அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். சோதனைக்கு ஆவது ஒரு சோதனைத் துண்டும் ஐந்து நிமிடமும்.

காவல் உறுப்புகள் பல இருப்பதால் ஒன்று போனால் இன்னொன்று காக்கும் என்று எண்ணுவது பெரும் மயக்கம். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவில் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது, தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரம் குழாய்ப் பழுதினால் பயனில் இல்லை. வாயுவைக் கழுவும் அமைப்பும் இயக்கத்தில் இருக்கவில்லை. வெவ்வேறு காவல்கள் ஒரே காரணத்தால், அதாவது கவனிப்பாரற்றுப் போனதால், ஒன்றாகவே வீழ்ந்தன. ஒன்றின் வாய்ப்பை மற்றொன்றின் வாய்ப்பால் பெருக்கி ஆறுதல் அடையும் கணக்கு, ஒரே கை எல்லாவற்றையும் கவனியாது விடும் இடத்தில் செல்லாது.

6. முறியும்வரை ஓட்டல்

இதுவும் ஒரு முறையே. தெரிந்து தேர்ந்தெடுத்தால் திட்டம், தெரியாமல் நேர்ந்தால் அசட்டை. விளக்கு, பேனல் காட்டி, பாபின் தள்ளுவண்டியின் சக்கரம் ஆகியவற்றுக்கு மாற்றுப்பொருளை ஸ்டோரில் வைத்திருந்தால் போதும். டேப்பை இந்தப் பட்டியலில் சேர்க்கும் ஆலைகள் உண்டு. அறுவதை மட்டும் பழுதாகக் கருதுவதால் வரும் பிழை அது. தளர்ந்த டேப்பை ஸ்ட்ரோபோஸ்கோப் ஒளியில் பின்தங்கும் கதிராகக் கண்டுபிடிக்க வேண்டும்.

7. பராமரிப்பே பழுதாகும் இடம்

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில், வாடிங்டன் என்னும் உயிரியலாளர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு லிபரேட்டர் விமானங்களின் பழுதுகளை ஆராய்ந்தது. 50 மணி பறந்ததும் ஒரு சோதனை என்பது விதி. சோதனைக்குப் பின் பழுதுகள் குறைந்திருக்க வேண்டும். பதிவுகளோ, சோதனை முடிந்தவுடனே பழுதுகள் மிகுந்து, நாள் செல்லச் செல்லக் குறைந்ததைக் காட்டின. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே காரணம். இந்த ஆய்வைப் பற்றிய வாடிங்டனின் நூல் 1973இல்தான் வெளிவந்தது.

நம் ஆலைகளில் இதைக் காண, தீபாவளி விடுமுறைக்குப் பின் இயந்திரங்கள் ஓடத் தொடங்கும் முதல் வாரத்து முறிவுப் பதிவேட்டைப் புரட்டினால் போதும். ஆள் இல்லாத நாட்கள், முழு இயந்திரமும் கையில் கிடைக்கும் நாட்கள் என்பதால் ஃபுல் ஓவர்ஹாலை அப்போது வைக்கிறார்கள். நாம் பணியாற்றிய ஓர் ஆலையில், பெயர் வேண்டாம், அப்படி ஒரு விடுமுறையில் ஈரப்பத நிலையத்து விசிறிகள் எல்லாவற்றின் பேரிங்குகளையும் மாற்றச் சொல்லி ஓலை எழுதியவர்களில் நாமும் ஒருவர். பழைய பேரிங்குகளில் சத்தம் இல்லை, சூடு இல்லை. நாட்கணக்கு முடிந்தது என்பதே காரணம். ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் ஒரு விசிறி கதறி நின்றது. கழற்றிப் பார்த்தபோது வெளி வளையத்தின் பாதையில் குண்டுகளின் இடைவெளிக்குச் சரியாகச் சிறு சிறு குழிகள். பேரிங்கைத் தண்டில் ஏற்ற வெளி வளையத்தில் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். அடி குண்டுகள் வழியே பாதைக்குள் இறங்கியிருக்கிறது. தண்டில் ஏறும் பேரிங்குக்கு விசை உள் வளையத்தின் வழியே செல்ல வேண்டும். இண்டக்ஷன் ஹீட்டரில் 110 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் கையாலேயே ஏறிவிடும். ஹீட்டர் அன்று ஸ்டோரில் பூட்டியிருந்தது. சாவி விடுமுறையில் போயிருந்தது. ஃபிட்டர்மேல் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அந்த பேரிங்கை மாற்றச் சொன்னதே குற்றம்.

கிரீஸிலும் இதே கதை. 6310 எண் பேரிங்கின் வெளிவிட்டம் 110, அகலம் 27 மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கி 0.005ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 15 கிராம். மறு கிரீஸ் இடும் அளவு அவ்வளவே. பக்கவாட்டில் பிதுங்கி வரும்வரை அடிப்பதே நல்லது என்னும் நம்பிக்கை ஆயிலர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மிகுந்த கிரீஸ் பேரிங்குக்குள் கடைபடும், சூடேறும், மெலிந்து ஒழுகும்; மோட்டாரெனில் சுருளுக்குள்ளும் போகும். கிரீஸ் கன்னை ஒரு காகிதத்தில் பத்து அடி அடித்து எடைபோட்டால் ஓர் அடிக்கு எத்தனை கிராம் என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணைக் கன்னின் மேலேயே பெயிண்டில் எழுதிவைத்த ஆலையை ஒரே ஒருமுறை கண்டிருக்கிறோம்.

8. தேர்வின் வரிசை

மேற்கூறிய முறைகளுள் எதைக் கைக்கொள்வது என்பதை ஒவ்வோர் உறுப்புக்கும் அன்று, ஒவ்வொரு பழுதுவழிக்கும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டும். பழுது தானே தெரியுமா, மறைந்திருக்குமா என்பது முதற்படி, மறைந்திருக்குமெனில் தேடல். தெரியுமெனில், முறியுமுன் பயன்படத்தக்க முன்குறி தருகிறதா என்பது அடுத்தது. தருமெனில் நிலை பார்த்தல். தராதெனில், அதற்கு வயது உண்டா என்று கேட்க வேண்டும். உண்டெனில் காலம் பார்த்து மாற்றல். மூன்றும் இல்லையெனில், விளைவு சிறிதாயின் முறியும்வரை ஓட்டலாம். பெரிதாயின் உறுப்பின் வடிவமைப்பையே மாற்றியாக வேண்டும். நிலை பார்த்தலைக் காலம் பார்த்தலுக்கு முன் வைப்பதற்குக் காரணம் ஏழாம் பிரிவில் கண்டதே: திறக்காமல் அறிய முடிந்ததைத் திறக்கக் கூடாது. ட்ராவலரில் மட்டும் இந்த வரிசையை மீறுகிறோம். அதற்கும் முன்குறி உண்டு, ஆனால் 1,200 துண்டுகளின் நீலத்தையும் தனித்தனியே பார்த்துக்கொண்டிருக்க ஆளில்லை.

இதற்கு வேண்டிய தரவு ஆலையிலேயே இருக்கிறது. பதிவேட்டில் "பேரிங் மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதாமல், கழற்றிய பேரிங் எப்படி இருந்தது, பொருத்தி எத்தனை நாளாயிற்று என்று இரண்டு வரி கூட எழுத வேண்டும். இன்று நம் ஆலைகளில் ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்கள் மிகுதி. தமிழிலோ ஆங்கிலத்திலோ அச்சடித்த தாளை அவர்கள் கையில் கொடுத்து டிக் வாங்குவது பதிவாகாது. படம் போட்ட தாள் வேண்டும். கோயம்புத்தூரிலேயே 1956 முதல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. பல ஆலைகளின் இத்தகைய பதிவுகள் ஒரே படிவத்தில் சேருமானால், நம் பஞ்சுக்கும் நம் தூசிக்கும் உரிய பழுது வடிவங்களை விமானக் கம்பெனியிடம் கடன் வாங்காமல் நாமே வரையலாம்.

வரும் ஏப்ரலில் புது அட்டவணை எழுத உட்காரும் பராமரிப்புப் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். "எத்தனை நாளுக்கு ஒருமுறை" என்னும் கட்டத்துக்கு இடப்புறம் இன்னொரு கட்டம் வரைந்து, "எப்படிப் பழுதாகும்" என்று தலைப்பிடுங்கள். நிரப்பத் தெரியாத வரிகள் இருந்தால், தாளை எடுத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்கும் அந்த ஃபிட்டரிடம் போய் உட்காருங்கள்.